கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு?

வெள்ளைப் பணியாரம் ஊற்றக் கை நிதானம் வேண்டும். ஆழாக்குப் பச்சரிசியை அளந்து, அதன் தலையில் கோபுரமாக உளுந்தைக் குவித்து, ஊறவைத்து நைசாக ஆட்டிய மாவு. அதைக் கரண்டியில் மொண்டு, காய்ந்த எண்ணெயின் நடுவில் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். கை தயங்கினால் வால் விழுந்துவிடும். என் மாமா ஊற்றினால் நூறு பணியாரமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஓரம் மட்டும் லேசாகச் சுருங்கியிருக்கும், நிறம் மாறாது.

அந்தக் கை விடியற்காலையில் நடுங்கும் என்பது எனக்குப் பதினெட்டு வயதிலேயே தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிய இன்னும் பதினாறு வருஷம் ஆனது.

மாமா கல்யாணச் சமையல்காரர். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கள் வட்டாரத்தில் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள், கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் திறக்கும்போது பின்கட்டில் அடுப்பு மூட்டுவது அவர்தான். பழைய ஆச்சிமார் அவரைத் தவசிப்பிள்ளை என்றே கூப்பிடுவார்கள். காலேஜ் லீவில் நானும் எடுபிடியாகப் போவேன்.

விடியற்காலை நாலு மணிக்கு வேலை தொடங்கும். அந்த நேரத்தில் மாமா கரண்டியைத் தொடமாட்டார். ஒருத்தனைத் தேங்காய் துருவச் சொல்வார், ஒருத்தனை விறகு அடுக்கச் சொல்வார். தான் ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டிருப்பார். மார்கழிப் பனியிலும் நெற்றி வியர்த்திருக்கும். அப்புறம், “ஒரு டீயப் போட்டுட்டு வந்துர்றேன் மாப்ளே” என்று எழுந்து போவார். டீக்கடை இருந்தது தெருப்பக்கம். அவர் போனது கிணற்றடிப் பக்கம். கால் மணி நேரத்தில் திரும்பி வருவார். வந்து கரண்டியைப் பிடித்தால் அந்தக் கை அசையாது.

டீ குடித்தால்தான் அவருக்குத் தெம்பு வரும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவர் குடிப்பார் என்பது வீட்டுக்கு அரசல்புரசலாகத் தெரியும். ஆனால் அவர் தள்ளாடி யாரும் பார்த்ததில்லை. வாய் குழறியதில்லை, யாரையும் அடித்ததில்லை, தெருவில் விழுந்ததில்லை. “வேலை அலுப்புக்கு ராத்திரி கொஞ்சம் போடுவாரு” என்பார் அயித்தை. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு இதில்தான் பெரிய மனவருத்தம். குடிநோயைக் கண்டுபிடிக்க நாம் எல்லோரும் பார்ப்பது போதையை மட்டும்தான். தள்ளாட்டம், உளறல், வாடை. ஆனால் உடம்பு சாராயத்துக்கு முழுசாகப் பழகிவிட்ட ஆளிடம் இவை தெரிவதே இல்லை. அவரிடம் நோய் வெளியே தெரிவது சரக்கு உள்ளே இல்லாத நேரத்தில். மாமாவைப் பொறுத்தவரை அது விடியற்காலை நாலு மணி.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 180 மி.லி. குவாட்டர் பாட்டில் ஒன்றில், 42.8 சதவீதம் என்று போட்டிருந்தால், சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கும். சராசரி ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். பல வருஷம் குடித்தவர்களுக்கு அது இன்னும் வேகமாக நடக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு முடித்த குவாட்டர் விடியலுக்குள் ரத்தத்திலிருந்து காலி. அப்போது தொடங்குகிறது கை உதறல், வியர்வை, படபடப்பு, குமட்டல். ஒரு கட்டிங் உள்ளே போனதும் எல்லாம் அடங்கிவிடும். டாஸ்மாக் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். ஆக, முந்தின ராத்திரியே மறுநாள் விடியலுக்கும் சேர்த்து எடுத்துவைக்க வேண்டும். மாமா அதை எண்ணெய் டின்களுக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறார், எத்தனையோ வருஷமாக.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு தை மாதம், அயித்தை அவரை ஊர் எல்லையில் இருக்கும் கருப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டவைத்தார். எங்கள் பக்கம் குடியை விடுவதற்கு இதுதான் வழி. பூசாரி கையில் கயிறு கட்டி, சத்தியம் வாங்குவார். மீறினால் கருப்பர் கேட்பார். மாமா வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கடைசியாகக் குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் குளித்துக் கயிறு கட்டிக்கொண்டார். மனதார விட நினைத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோயிலில் அழுதார். அயித்தை எனக்குப் போன் போட்டு, “நிறுத்திட்டாருப்பா” என்றார். நான் நல்ல செய்தி என்று சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கை நடுக்கம், வாந்தி, சோறு இறங்கவில்லை. ராத்திரி கண் மூடவில்லை. சனிக்கிழமை காலை ஒரு கிளினிக்கில் பசி மயக்கம் என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். குடிப்பாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அயித்தை இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். கயிறு கட்டியாகிவிட்டதே.

சனிக்கிழமை நடுராத்திரி தாண்டி எனக்குப் போன் வந்தது. காரைக்குடியிலிருந்து பைக்கில் போனேன். மாமா வீட்டுக் கூடத்தில், பட்டாசாலையில் நின்றுகொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் யாரென்று தெரியவில்லை. வலது கையைக் குழித்து எதையோ மொண்டு, எதிரில் இல்லாத சட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தார். “எண்ணெய் பொகையுது, வெறகை இழுங்கடா, வெறகை இழுங்கடா.” நடுவில் காலிலிருந்து எறும்பைத் தட்டிவிடுவார். எறும்பு எதுவும் இல்லை. தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது.

வீடு நிறைய ஆட்கள். ஒருவர் சத்தியத்தை மீறியிருப்பார், கருப்பர் பிடித்துக்கொண்டார் என்றார். இன்னொருவர் கல்யாண வீட்டுக் கிணற்றடியில் ஏதோ அண்டியிருக்கிறது என்றார். வேப்பிலை வந்தது, விபூதி வந்தது. கட்டிலோடு சேர்த்துக் கட்டத் துண்டைக்கூட எடுத்துவிட்டார்கள். அடுத்த தெருவில் இருந்த நர்ஸம்மா, கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் அயித்தையிடம் கேட்டது ஒரே கேள்வி.

“ஏத்தா, கடைசியாக் குடிச்சது என்னிக்கு? எத்தனை மணிக்கு?”

அயித்தை விரல் விட்டு எண்ணினார். ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நர்ஸம்மா 108-ஐக் கூப்பிடச் சொன்னார். கட்டாதீங்க, லைட்டைப் போட்டுவிடுங்க, தெரிஞ்ச முகம் ரெண்டு பேர் மட்டும் பக்கத்துல இருங்க, மத்தவங்க வெளியே போங்க என்றார். விபூதித் தட்டோடு நின்றவரிடம், “கருப்பர் எங்கயும் போகமாட்டாரு. மொதல்ல ஆஸ்பத்திரி” என்றார். அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு எவ்வளவு சண்டையைத் தவிர்த்தது என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

டாக்டர்கள் இதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிறார்கள். 1813-ல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் வைத்த பெயர். தொழிலைக் கையால் செய்துகாட்டுவது இந்த நிலையில் பழகிய காட்சி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தறி நெய்தவர் நெய்வார், பஸ் ஓட்டியவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார். சிகிச்சை இல்லாத பழைய நாளில் மூன்றில் ஒருவர் வரைக்கும் இதில் இறந்ததாகப் பதிவுகள் உண்டு. இப்போது சரியான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. அந்த வித்தியாசம் முழுக்க எவ்வளவு சீக்கிரம் அடையாளம் காண்கிறோம் என்பதில் இருக்கிறது.

எனக்கு இதைப் புரியவைத்த டாக்டர் மூளையின் பிரேக், ஆக்சிலரேட்டர் என்று விளக்கினார். நான் அயித்தைக்கு அதை அடுப்புக் கணக்கில் சொன்னேன். கொதிக்கிற அண்டாவில் தினமும் ஒருத்தன் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறான். கொதி இறங்காமல் இருக்க உடம்பு அடியில் விறகைக் கூட்டிக்கொண்டே போகிறது. பல வருஷம் இப்படியே. ஒரு நாள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டால் விறகு உடனே குறையுமா? அண்டா பொங்கி வழியத்தான் செய்யும். அயித்தை ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “வெறகை இழுங்கடான்னு அதைத்தானே சொன்னாரு” என்றார்.

நேரக்கணக்கு முக்கியம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை. சிலருக்கு ஒரு நாளுக்குள் இல்லாத குரல் காதில் கேட்கும், இல்லாத உருவம் தெரியும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். இரண்டு நாள் தாண்டி நாலு நாளுக்குள்தான் மாமாவுக்கு வந்த அந்தக் குழப்பம். எல்லோருக்கும் வராது, சிலருக்குத்தான் வரும். முன்பு ஒரு முறை வந்தவருக்கு, வலிப்பு கண்டவருக்கு, பலமுறை விட்டுவிட்டுத் தொட்டவருக்கு ஆபத்து கூடுதல். ஒவ்வொரு தடவை விடும்போதும் முன்னைவிட மோசமாக வரலாம். மாமா அதற்கு முன் இரண்டு தடவை சபரிமலைக்கு மாலை போட்டு விட்டவர். இரண்டு தடவையும் முதல் வாரம் “காய்ச்சல்”. மாலை போட்டதும் வரும் அந்தக் காய்ச்சலை எங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் போட்டது தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. கூடவே நரம்பை அமைதிப்படுத்தும் லோரசெபாம். வருஷக்கணக்கில் குடிப்பவர் உடம்பில் பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-உம் செலவாகி மூளை அடிபடலாம். கண் அசைவு கோணலாகும், நடை தடுமாறும், ஞாபகம் போய்விடும். சனிக்கிழமை கிளினிக்கில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் என்று எனக்கு இன்னும் ஆதங்கம். ஆனால் எங்கள் பக்கத் தவறும் அதில் உண்டு. டாக்டரிடம் குடியை மறைப்பது கௌரவத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தோம். தினமும் எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது என்ற மூன்றையும் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்கோ எலும்பு முறிவுக்கோ சேர்த்தாலும் சொல்லுங்கள். படுக்கையில் மூன்றாம் நாள் திடீரென்று உளற ஆரம்பிக்கும் எத்தனையோ பேருக்குக் காரணம் இதுதான்.

மாமா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் இரவில் துணைக்குப் படுத்தேன். அந்த நாட்களில்தான் போதையைப் பற்றியும் எனக்கு நிறையத் தெரியவந்தது, ஏனென்றால் அந்த வார்டுக்கு எல்லாரும் வருவார்கள்.

ஒரு ராத்திரி, பஸ் ஸ்டாண்டில் “மட்டையாகிக் கிடந்தார்” என்று ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். பகல் முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறார், எல்லோரும் தாண்டிப் போயிருக்கிறார்கள். சர்க்கரை நோயாளி. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்டதால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிட்டது. ஒரு சொட்டுக்கூடக் குடித்தவரில்லை. சர்க்கரை தாழ்ந்தாலும், பக்கவாதம் வந்தாலும், மண்டையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தாலும் பார்ப்பவருக்குக் குடிகாரர் மாதிரியேதான் தெரியும். நிஜமாகக் குடித்தவரே விழுந்து தலையில் அடிபட்டும் கிடக்கலாம். வாடை அடிக்கிறது என்பதற்காக மற்றதெல்லாம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

குடித்துவிட்டுத் தூங்குகிறவரை “தூங்கட்டும், காலையில் தெளியும்” என்று விடுவதும் எனக்கு இப்போது முடியாத காரியம். உலுக்கிக் கூப்பிட்டால் முனகவாவது வேண்டும். நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். எட்டுக்குக் கீழே போனாலோ, மூச்சுக்கு மூச்சு பத்து விநாடி இடைவெளி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108. மல்லாக்கப் படுக்கவிடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி தொண்டைக்குள் போய்த்தான் பல பேர் சாகிறார்கள். மோர், எலுமிச்சைச் சாறு, கறுப்புக் காப்பி, தலையில் தண்ணீர் எதுவும் ரத்தத்தில் இருக்கும் சாராயத்தை ஒரு சொட்டுக்கூடக் குறைக்காது. மயங்கியவர் வாயில் ஊற்றினால் மூச்சு அடைக்கும். கள்ளச்சாராயம் என்றால் கணக்கே வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மெத்தனால், குடித்தவுடன் சாதாரணப் போதை மாதிரியே இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலி, மூச்சு வாங்கல், கண் மங்கல். பார்வை பனிமூட்டமாக இருக்கிறது என்று சொன்னால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

சாராயத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் எங்கள் ஊரின் பாதிக் கதைதான் வரும். மாமா சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி இருந்தார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். அத்தனை பெரிய வீட்டில் முகப்பிலிருந்து மூன்றாங்கட்டு வரை அவர் ஒருத்தர்தான். ராத்திரி தூக்கம் வராமல் ஒரு தூக்க மாத்திரையில் ஆரம்பித்து, பல வருஷத்தில் அது மூன்றானது. ஒரு தடவை மாத்திரை தீர்ந்து, வாங்கித்தர ஆள் இல்லாமல் நாலைந்து நாள் விட்டுவிட்டார். பதற்றம், நடுக்கம், அப்புறம் வலிப்பு. தூக்க மாத்திரையும் மூளையில் சாராயம் தொடும் அதே இடத்தைத்தான் தொடுகிறது, திடீரென நிறுத்தினால் அதே ஆபத்து. அந்த ஆச்சியை யாராவது போதைக்கு அடிமை என்று சொல்வோமா? ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தனியாக இருக்கும் பெரியவர்களைப் பார்க்கப் போனால் மாத்திரை அட்டையை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

இளவட்டங்கள் பக்கம் வலி மாத்திரை வந்துவிட்டது. சாதாரணத் தலைவலி மாத்திரை இல்லை, அபின் வகையைச் சேர்ந்தது. அதை உட்கொண்டவர்களின் கண் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும், பேசும்போதே தலை தொங்கித் தூங்குவார்கள், மூச்சு மந்தமாகும். கிடைக்காத நாளில் எல்லாம் தலைகீழ். கண் பாப்பா விரியும், கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்செறிதல், பேதி, கை கால் குடைச்சல். பார்ப்பதற்கு ஜலதோஷம் மாதிரியே இருக்கும், அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாள் விட்டிருந்து பழைய அளவையே மறுபடி எடுப்பது உயிரையே வாங்கும், உடம்பு அதற்குள் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

ஆஸ்பத்திரி மனநல டாக்டர் மாமாவிடம் நாலு கேள்வி கேட்டார். ஜான் ஈவிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1984-ல் கட்டுரையாக வெளியிட்டவை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். குறைக்கணும்னு எப்பவாவது தோணியிருக்கா? குடியைப் பத்தி யாராவது சொன்னா கோபம் வருதா? குடிச்சதுக்காகக் குற்ற உணர்ச்சி வந்திருக்கா? காலையில் எழுந்ததும் கை நிதானத்துக்குக் குடிச்சதுண்டா? இரண்டுக்கு ஆமாம் என்றாலே கவனிக்க வேண்டும். மாமா நாலுக்கும் ஆமாம் என்றார். நாலாவது கேள்விக்கு என்னைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். எந்த டீயை அவர் சொல்கிறார் என்று எனக்கும் தெரிந்தது.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேரில் விட நினைத்தவர்கள் வீட்டில் கயிறு கட்டிக்கொண்டோ, அறையில் பூட்டப்பட்டோதான் விடப் பார்த்திருப்பார்கள். நேர்த்திக்கடனை நான் குறைத்துப் பேசவில்லை. மாமாவின் மனதைத் திருப்பியது கருப்பர்தான், எந்த டாக்டரும் இல்லை. ஆனால் காலையில் கை நடுங்குகிற அளவுக்குப் போன ஆளை டாக்டரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரி, அங்கே மருந்தோடு ஒரு வாரம் பத்து நாள், அப்புறம் கோயில். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண். மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416. இரண்டும் இலவசம்.

மாமா எட்டு மாதம் கழித்து மறுபடி குடித்தார். ஒரு சாந்திக் கல்யாணத்தில், வேலை முடிந்த ராத்திரி. மூன்று வாரத்தில் பழைய அளவுக்கே போய்விட்டார். அயித்தை இந்தத் தடவை அழவில்லை, கோயிலுக்கும் ஓடவில்லை. சமையலறை நாள்காட்டியில் ஒவ்வொரு தாளிலும் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிவைத்தார். ஒரு திங்கட்கிழமை அந்தத் தாள்களை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, மாமாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். டாக்டர் தாள்களை விரித்துப் படித்துவிட்டு உடனே அட்மிஷன் போட்டார். அந்தத் தடவை மூன்றாம் ராத்திரி மாமா தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அயித்தை வீட்டில் இருந்தபோது தெருவில் ஒரு பெண் வந்து, மகன் குடியை விட்டுவிட்டான், நேற்றுத்தான் கயிறு கட்டினோம் என்று பூரித்துப்போய்ச் சொன்னாள். அயித்தை பணியார மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்.

“நல்லதுத்தா. கடைசியாக் குடிச்சது எத்தனை மணிக்கு? காலையில கை நடுங்குமா?”

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. நான் பைக் சாவியை எடுத்தேன்.